பெயர் இல்லாத பட்டியல்

வெள்ளிக்கரட்டில் கதவிலக்கத்தை நம்பி யாரும் யார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. ஊராட்சிக்காரர்கள் ஒரு தடவை எண் எழுதினார்கள். வரி வசூலுக்கு வந்தவர்கள் அதன் பக்கத்தில் வேறோர் எண் எழுதினார்கள். தேர்தல் வேலைக்கு வந்தவர்கள் நீலப் பெயின்ட்டில் மூன்றாவதாக ஒன்றைத் தீட்டிவிட்டு, பழையதை அழிக்கக்கூட நேரமில்லாமல் ஜீப் ஏறிவிட்டார்கள். ஆக, ஒவ்வொரு வாசல் நிலையிலும் மூன்று எண்கள். மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது. தபால்காரரே அவற்றை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கிராம சுகாதாரச் செவிலியர் ரீத்தாவும் பார்ப்பதில்லை. இருபத்தொரு வருஷமாக அந்த ஊருக்கு ஊசி போட்டு, எடை பார்த்து, மாத்திரை கொடுத்து வருகிறவள். அவளுடைய பதிவேட்டில் 'அடையாளம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கோயிலுக்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே என்று எழுதிக்கொள்ள மேலிடம் விட்ட கட்டம். ரீத்தா அதில் ஊர் எப்படிச் சொல்லுமோ அப்படி எழுதினாள். தகர வூடு. லாரிக்காரர் வூடு. பாம்பு கடிச்சவரு வூடு. ஓடிப்போனவ வூடு. கடைசியில் சொன்னதை எழுதும்போது கொஞ்சம் கை கூசத்தான் செய்தது. ஆனால் அப்படி எழுதினால்தான், அவள் லீவு போட்ட நாளில் வருகிற இன்னொரு நர்சு நேராக அந்த வாசலில் போய் நிற்பாள். சுற்றுவட்டாரத்து ஒன்பது ஊர் நர்சுகளும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி அப்படியே பழகியிருந்தார்கள். பிற்பாடு பதிவேடு போய் டேப் என்கிற கையடக்கக் கணினி வந்தது. டேபிலும் அந்தக் கட்டம் இருந்தது, அதே வீடுகள் அதில் ஏறிக்கொண்டன.

ரீத்தாவுக்கு இந்தக் கதையில் வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் கொழுந்தன் ரெக்ஸுக்கு வந்த நோய் எதனால் வந்தது என்று தெரிய வேண்டும்.

ரெக்ஸுக்கு முப்பத்து நாலு வயது. கரும்பு வெட்டுகிறவன். சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை. இருந்தும் ஒரு தை மாதத்தில் கால் இரண்டும் வீங்கிப் படுத்தான். ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, இரண்டு கிட்னியும் பாதிக்கு மேல் போய்விட்டன என்றார்கள் ஆஸ்பத்திரியில். இப்படியே போனால் இரண்டு மூன்று வருஷத்தில் டயாலிசிஸ் மெஷினில்தான் படுக்க வேண்டும். வெட்டுக்குப் போகிறவர்களில் அவன் முதல் ஆளும் இல்லை. ரீத்தாவுக்குத் தெரிந்து வெள்ளிக்கரட்டில் மட்டும் பன்னிரண்டு பேர், அதில் மூவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஊருக்கு ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "குடிச்சுக் கெட்டான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது. ரெக்ஸுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டு விலகிக்கொண்டார்கள். "நான் தொட்டதே இல்ல அண்ணி" என்றான் அவன். நம்புவதாகச் சொன்னாள் ரீத்தா. சொன்னாளே தவிர, ஒரு நாள் அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து, அவன் வெட்டுக்குக் கொண்டுபோகும் பையைக் கிளறினாள். உள்ளே சாப்பாட்டுத் தூக்கும் ஒரு துண்டும்தான் இருந்தன. நிமிர்ந்தால் ரெக்ஸ் ஈரத் தலையோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். அந்த முகத்தை ரீத்தாவால் அதற்குப் பிறகு நேராகப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து டாக்டர் தேவதர்ஷினி வந்தாள். ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. ஒன்பது ஊர்களின் பன்னிரண்டு வருஷத்து விவரங்களைக் கொடுத்தால், யார் வீட்டில் எப்போது வந்தது, என்ன வேலை பார்த்தவருக்கு வந்தது, எந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு வந்தது என்று சல்லடை போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள். ஜனங்களின் நோய் விவரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா, கொடுப்பதானால் எப்படி என்று முடிவு பண்ண மாவட்டத்தில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று புதிதாகப் போட்டிருந்தார்கள். களப்பணியாளர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்ததால் ரீத்தாவும் அதில் ஒருத்தி. மனு குழுவுக்கு வந்த அன்றே அவள் மனதுக்குள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

கூட்டம் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் மாடியில். பதினோரு மணிக்கு என்று போட்டு பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பித்தார்கள். குழுத் தலைவர் தீனதயாளன், சுகாதாரத்துறையில் பெரிய அதிகாரி. நல்ல மனிதர். ஒரு கோப்பு மேசையில் இரண்டு நாள் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. இந்த மாதிரி நல்லவர்களிடம் சில சமயம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு வலப்பக்கம் வக்கீல் அரங்கநாதன், எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பதைத் தொழிலாகவே வைத்திருப்பவர். இடப்பக்கம் கணினி அதிகாரி ரம்யா. எதிரில் பொதுமக்கள் சார்பாக சுப்புராயன், வெள்ளிக்கரட்டிலேயே எட்டு ஏக்கர் கரும்பு போட்டிருக்கிறவர். சுவரோரம் தனி நாற்காலியில் தேவதர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.

"பேரு, ஆதார், போன் நம்பர், கதவிலக்கம் எல்லாத்தையும் எடுத்தாச்சு. யாரு எவருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களே பாருங்க" என்று தீனதயாளன் ரம்யாவுக்குக் கண் காட்டினார்.

திரையில் இருபது வரிகள் விழுந்தன. ரீத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தாள். பெண், வயது இருபத்து மூன்று, டி.பி., ஆறு மாத மாத்திரை, குணம். அடையாளம்: தகர வூடு.

அது இலக்கியா. ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று பயந்து, வாராவாரம் மோர் வாங்க வருகிறவள் மாதிரி ரீத்தாவின் சமையலறைக்கே வந்து மாத்திரை வாங்கிப்போனவள். இப்போது சின்னசேலத்தில் புருஷன், மாமியார், கைக்குழந்தை என்று இருக்கிறாள். இரண்டாவது வரி, விஷம் குடித்துப் பிழைத்த ஒரு பையன். மூன்றாவது வரியை ரீத்தா படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. பெயர்களைத்தான் எடுத்திருந்தார்கள், அந்த இருபது பேரும் திரையில் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அறையில் இருந்த இன்னொரு வெள்ளிக்கரட்டுக்காரர் சுப்புராயன் நல்லவேளையாக அப்போது வடையைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அத்த அணைச்சிடுங்கம்மா" என்றாள் ரீத்தா.

ரம்யா ஒன்றும் புரியாமல் அணைத்தாள். அதற்குள் ஒப்புதல் தாள் சுற்றி வந்துவிட்டது. தலைவர் போட்டிருந்தார், ரம்யா போட்டிருந்தாள், சுப்புராயன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் போட்டிருந்தார். வக்கீல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். ஐந்தில் நாலு கையெழுத்து இருந்தால் போதும். ரீத்தா போட்டால் நாலு ஆகிவிடும், திங்கட்கிழமை ஆராய்ச்சி தொடங்கிவிடும். காலையில் பஸ் ஏற்றிவிடும்போது அவள் புருஷன் ராயப்பன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தம்பிக்காகக் கையெழுத்த போட்டுட்டு வா." பேனா அவள் விரலிலேயே இருந்தது. அவள் அதை மூடி வைத்தாள்.

"ஐயா, பேர எடுத்துட்டீங்க. ஆனா ஆள எடுக்கலிங்களே."

அடையாளக் கட்டத்தைப் பற்றி அவள் விளக்கிச் சொன்னாள். தீனதயாளன் சிரித்துவிட்டார். "ஏம்மா, தகர வூடு, கல்லு வூடுன்னா சென்னையில யாருக்குத் தெரியப்போவுது? தமிழ்நாட்டுல எத்தனை தகர வீடு இருக்கு?"

"எங்க ஊர்ல ஒண்ணுதாங்க ஐயா. அந்தப் பட்டியல் எங்க ஊர்க்காரங்க கையில சிக்காதுன்னு சொல்ல முடியுங்களா? இப்பவே எங்க ஊர்க்காரரு ஒருத்தரு இங்க குந்திக்கினு இருக்காரு."

நிரூபிக்கச் சொன்னார் வக்கீல். அங்கேதான் ரீத்தா தடுமாறினாள். யாருடைய வரியைக் காட்டி நிரூபிப்பது? எந்த வரியைக் காட்டினாலும் அந்த ஆளைச் சந்தியில் நிறுத்தியதாகும். பிறகு ரம்யாவிடம் போய், திரையை மறைத்துக்கொண்டு, காதோடு காதாக ஏதோ சொல்லி ஒரே ஒரு வரியை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னாள்.

பெண், வயது நாற்பத்தேழு. பி.பி. மாத்திரை. கர்ப்பப்பை நீக்கம், எட்டு வருஷம் முன்பு. அடையாளம்: கடியாரத்து வூடு.

"ஏதோ வாட்ச் கடைக்குப் பக்கத்துல" என்றார் தீனதயாளன்.

ரீத்தா எதிர்ப்பக்கம் திரும்பினாள். "சுப்புராயன் ஐயா, இது யாருன்னு தெரியுதுங்களா?"

சுப்புராயன் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். "கடியாரத்து வூடுன்னா நம்ம ராயப்பன் வூடுதான? அவங்கப்பா மலேயாவுலேர்ந்து பெரிய கடியாரம் கொண்டாந்து மாட்டுனாரே. அந்த வூட்ல நாப்பத்தேழு வயசுல பொம்பளன்னா..." பேச்சு பாதியில் நின்றது. ரீத்தாவைப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்து, காலித் தட்டைப் பார்த்துக்கொண்டார். "வேணாம்மா" என்றார் மெதுவாக.

"நான்தாங்க ஐயா அது. குடல்வாலு ஆபரேசன்னு சொல்லி வச்சிருந்தேன். எட்டு வருசமா எங்க மாமியாருக்குக்கூடத் தெரியாது. இப்ப இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. இது நான் ஒருத்திதாங்க. அந்தப் பட்டியல்ல இருபதாயிரம் பேரு இருக்காங்க."

அவமானத்தில் அவள் காது சிவந்திருந்தது. ஆனால் உட்காரவில்லை.

தீனதயாளன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய சுறுசுறுப்பு இப்போது எதிர்ப்பக்கம் ஓடியது. "அப்போ வம்பே வேணாம். மனுவத் தள்ளுபடி பண்ணிடலாம்." வக்கீல் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "சட்டப்படி அதான் பாதுகாப்பு" என்றார்.

ரீத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஆபீஸ்காரர்களுக்குக் கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் அகலத் திறக்கத் தெரியும், இல்லையென்றால் ஆணி அடித்து மூடத் தெரியும். தாழ்ப்பாள் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது.

"குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லலிங்களே. எங்க வூட்லயே ஒருத்தன் கிட்னி போயி ஒக்காந்துக்கினு இருக்கான். இந்த ஆராய்ச்சி நடக்கணும்னு என்னவிட ஆசப்படறவங்க இந்த ரூம்ல யாரும் இல்ல. எப்டிக் குடுக்கறதுன்னுதான் கேக்கறேன்."

அந்தக் கட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டால் என்ன என்றாள் ரம்யா. சுவரோரத்திலிருந்து தேவதர்ஷினி எழுந்தாள். "அழிச்சா ஆராய்ச்சியே இல்லிங்க மேடம். பன்னண்டு வருஷத்துல ஒரே ஆள் பேர நாலு விதமா எழுதியிருக்காங்க. கதவிலக்கம் மூணு தடவ மாறியிருக்கு. மாறாம இருக்கிறது அந்த வீட்டுப் பேர் ஒண்ணுதான். அத வச்சுதான் பழசையும் புதுசையும் சேக்க முடியும்."

"அப்ப வூட்டுப் பேருக்குப் பதிலா ஒரு நம்பரு போட்டுடலாம்" என்றாள் ரீத்தா. "எந்த வூட்டுக்கு எந்த நம்பருன்றது எங்க நர்சுங்களுக்குள்ளயே இருக்கட்டும். அந்த நோட்டு மேடம் கையிக்குப் போவக் கூடாது. அப்பறம் ஜனங்க கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். வேணான்றவங்கள எடுத்துடணும்."

"ஒன்பது ஊர்ம்மா. யாரு செய்வாங்க இதையெல்லாம்?" என்றார் தலைவர்.

"எழுதனவங்களே செய்யறோம் ஐயா."

இரண்டு மாத அவகாசம் கொடுத்தார் தீனதயாளன். கோப்பு அறுபது நாள் மேசையில் கிடக்கப்போகிறதே என்ற வருத்தம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

எட்டு சனிக்கிழமைகள், ஒன்பது நர்சுகள். கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய பயிற்சி அறையில் உட்கார்ந்து, வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து எண் போட்டார்கள். சொல்கிற அளவுக்கு அது லேசாக இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரே பெயர் இருந்தது. மணிமொழி என்கிற நர்சு ஓர் ஊரில் 'சண்டக்காரி வூடு' என்று ஏழு வீட்டுக்கு எழுதி வைத்திருந்தாள். எந்தச் சண்டைக்காரி என்று கேட்டால், "எல்லாருந்தான்" என்றாள். எண்களைக் கணினியில் ஏற்ற வந்திருந்த ரம்யா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் அந்த நோட்டை இரும்பு பீரோவில் வைத்து இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி ரீத்தாவிடம், இன்னொன்று வக்கீல் அரங்கநாதனிடம். வேண்டாம் என்பதைத் தொழிலாக வைத்திருப்பவரிடம் சாவி இருந்தால் பத்திரம் என்பது ரீத்தாவின் எண்ணம்.

தேவதர்ஷினிக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். விவரம் சென்னைக்குப் போகாது, அவள்தான் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். பூட்டிய அறை, ஒரே கணினி, போனை வெளியில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். எழுதி எடுத்துப் போகிற எந்தத் தாளையும் ரம்யா பார்ப்பாள். பத்துப் பேருக்குக் கம்மியான எந்த எண்ணிக்கையும் வெளியே போகக் கூடாது, ஏனென்றால் சின்ன ஊரில் மூன்று பேர் என்று எழுதுவதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் ஒன்றுதான். தேவதர்ஷினி முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டாள்.

ஜனங்களைக் கேட்கிற வேலைக்கு சுப்புராயன் தானாகவே வந்து சேர்ந்தார். அன்றைக்குத் தன் வாயால் நடந்ததை அவரால் மறக்க முடியவில்லை போலும். வாசல் வாசலாக நின்று, "கட்டாயம் இல்லம்மா, புடிச்சா சொல்லு, புடிக்கலன்னா வேணாம்னு சொல்லு" என்று ஓட்டுக் கேட்கிறவர் மாதிரி கைகூப்பினார். நிறையப் பேர் சரி என்றார்கள். அறுபத்து மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது என்பது ரீத்தா போட்ட சட்டம். இலக்கியா சின்னசேலத்திலிருந்து போன் பண்ணினாள். "என்னுத எடுத்துடுங்கக்கா" என்றாள். "எடுத்துட்டேன்மா, கொழந்த எப்டி இருக்குது?" என்றாள் ரீத்தா. டி.பி. என்ற சொல்லை இரண்டு பேருமே உச்சரிக்கவில்லை.

ரெக்ஸிடம் கேட்கத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. கடைசி வீடாக வைத்திருந்தாள். அவன் சம்மதத் தாளைப் படித்துப் பார்த்தான்.

"என்னுதயும் போட்டுக்குங்க அண்ணி. பையில தேடறதுக்கு, இதுல தேடனாவாவது எதுனா கெடைக்கும்."

ரீத்தா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "தப்பு பண்ணிட்டேன்டா. என்ன மன்னிச்சிடு."

"நீங்கன்னு இல்ல அண்ணி, யாருமே நம்பல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், வெட்டுக் காலத்தில் அவர்களும் இதே பதிவேட்டில் ஏறியவர்கள். மலை பஸ்ஸைப் பிடித்து ரீத்தா அங்கேயும் போனாள். மேல்நெல்லி என்ற ஊரில் நாற்பது பேர் கொண்ட வெட்டு கோஷ்டிக்குக் கண்ணகி என்கிற அம்மாள்தான் மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும். அவள் பையன் இதே நோயில் போன வருஷம் செத்துப்போனான். தாளைக் கையால் தொடாமலே கேட்டாள்.

"எங்க ரத்தத்த எடுத்தாங்க, மூத்தரத்த எடுத்தாங்க, போட்டா புடிச்சாங்க. எத்தினி பேரு வந்துட்டுப் போனாங்க நர்சம்மா. ஒருத்தராவது திரும்பி வந்து இன்னா இருந்துச்சின்னு சொல்லியிருக்காங்களா?"

இல்லை என்று ரீத்தா தலையசைத்தாள்.

"நாங்க குடுக்கறோம். ஆனா கண்டுபுடிச்சத மொதல்ல இந்த எடத்துல வந்து சொல்லணும். பேப்பர்ல வரதுக்கு முன்னாடி, கலெக்டருக்குச் சொல்றதுக்கு முன்னாடி. எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்."

ரீத்தா அதை ஒப்பந்தத்தில் பதினோராவது நிபந்தனையாக எழுத வைத்தாள்.

பிறகு பதினான்கு மாதம். தேவதர்ஷினி மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் சின்னசேலம் வந்து, பஸ் மாறி, அந்தப் பூட்டிய அறையில் நாலைந்து நாள் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அவளுக்கு முன்னால் இருந்தவை எண்கள் மட்டும்தான். ரெக்ஸ் டீக்கடையில் அவளுக்குப் பக்கத்திலேயே ஒருமுறை நின்று டீ குடித்திருக்கிறான். அவளுக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

முடிவு வந்ததும் தீனதயாளனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, மேடை போட்டு, மறுநாளே அறிவித்துவிட வேண்டும் என்றார். அப்போது அரங்கநாதன் ஒப்பந்தத்தைப் பிரித்து, விரலை வைத்து, "பதினோராவது நிபந்தனை" என்றார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மேல்நெல்லியில சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்தத் தாள் இந்த ரூம விட்டு வெளிய போகாதுங்க. போனா நானே கேஸ் போடுவேன்" என்றார் வக்கீல். ரீத்தாவுக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவர், வக்கீல், ரம்யா, சுப்புராயன், சர்க்கரை ஆலையில் வெட்டு உத்தரவு கொடுக்கிற அதிகாரி எல்லாரும் மலையேறினார்கள். மேல்நெல்லிப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் முந்நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். வெள்ளிக்கரட்டிலிருந்து இரண்டு டிராக்டரில் ஆள் வந்திருந்தது. ரெக்ஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

தேவதர்ஷினி மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டு வேல செய்யறவங்கள்ல நூத்துப் பதினாறு பேருக்கு இந்த நோய் வந்திருக்கு. இது குடியால வந்தது இல்ல. குடிக்கிறவங்களுக்கு எவ்ளோ வந்திருக்கோ, வாழ்க்கையில தொடாதவங்களுக்கும் அவ்ளோதான் வந்திருக்கு. ரெண்டு விஷயம்தான் காரணம். ஒண்ணு, உச்சி வெயில்ல தண்ணி இல்லாம வெட்டறது. இன்னொண்ணு, உடம்பு வலிக்குதுன்னு தினமும் சாயங்காலம் கடையில வாங்கி முழுங்கற மாத்திரை. ரெண்டும் சேந்தவங்களுக்கு மத்தவங்களவிட அஞ்சு மடங்கு ஜாஸ்தியா வந்திருக்கு. இனிமே வராம தடுக்கலாம். வந்தவங்களுக்கும் மேல முத்தாம நிறுத்தி வைக்கலாம்."

மைதானத்தில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. கண்ணகி அதை அடக்கிவிட்டு நேராக ஆலை அதிகாரியிடம் திரும்பினாள். "இனிமே எங்க கோஷ்டி விடியக்கால அஞ்சு மணிக்கி எறங்கும். பதினோரு மணிக்கி அருவாள வச்சிடும். வயக்காட்ல தண்ணி வண்டி நிக்கணும், குந்தறதுக்கு நெழலு போடணும். இன்னா சொல்றீங்க?" அதிகாரி தீனதயாளனைப் பார்த்தார். தீனதயாளன், முதல் தடவையாக அவருடைய சுறுசுறுப்பு சரியான திசையில் ஓட, "நாளைக்கே உத்தரவு வரும்" என்றார். சுப்புராயன் எழுந்து, "என் வயலுக்கு உத்தரவெல்லாம் வேணாம், நாளைக்கே தண்ணி வண்டி நிக்கும்" என்றார்.

இவ்வளவுக்கும் நடுவில், பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "அந்த நூத்துப் பதினாறு பேரு யாரு மேடம்? பேரச் சொல்லுங்க, யாரு குடிக்கல, யாரு குடிச்சான்னு எங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் தேவதர்ஷினி. "தெரிஞ்சுக்கவும் கூடாது. அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

ரீத்தாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டு வருஷத்துப் பாடும் அந்த ஒரு பதிலுக்காகத்தான். அவள் மூச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பின்வரிசையில் ரெக்ஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"அதுல ஒருத்தன் நானு" என்றான். மைக் இல்லாமலே கேட்டது. "வெள்ளிக்கரடு ரெக்ஸு. வயசு முப்பத்தாறு. கிட்னி ரெண்டும் பாதிதான் வேல செய்யுது. நான் குடிச்சதில்ல."

கண்ணகி திரும்பி ரெக்ஸை உற்றுப் பார்த்தாள். "எம் மவன் ஒருத்தன்" என்றாள். "செத்துட்டான். அவனும் குடிச்சதில்ல." அவளுக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். டிராக்டர் பக்கமிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். எழாதவர்களும் இருந்தார்கள், அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரையும் பெயர் கேட்கக் கூடாது என்றுதான் விதியில் இருந்தது. தாமாகச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. தேவதர்ஷினி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டாள். ரெக்ஸின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க ரீத்தா எவ்வளவோ பாடுபட்டிருந்தாள். அதைத் திரும்ப எழுதுகிற உரிமை அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது, முந்நூறு பேர் முன்னால் அவன் எழுதிவிட்டான். ரீத்தா அழுதாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று முந்தானையைக்கூட எடுக்காமல் அழுதாள்.